தீவு நேரம்

...பிறகு குடை. பல் துலக்கியாகிவிட்டது, குளித்தாகிவிட்டது, ரொட்டியைக் கருகவிட்டு, கருகியதைச் சுரண்டித் தின்றாகிவிட்டது, கதவைப் பூட்டு, பூட்டை இழுத்துப் பார், பை, பைக்குள் இன்றைக்கு வீட்டு லேப்டாப், அதன் சார்ஜர், பிறகு குடை. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. இருக்கட்டுமே. கீழ்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வானத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், செடிக்குத் திரும்பிவிட்டார். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தவர்தான். "மழை கிடையாதாம் தம்பி, ரேடியோல சொன்னான்." "அவன் சொல்லுவான் சார்." அதற்குப் பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது, அல்லது யாராவது புரியவைத்திருப்பார்கள், மனைவி போன பையன், விட்டுவிடுங்கள் என்று. மனைவி போன பையன். ஊருக்குப் போன மாதிரி. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவாள் என்கிற மாதிரி.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சீக்கிரம் வருகிறவனுக்கு எப்போதும் ஜன்னல் ஓரம்தான், எங்கே போனாலும் முதல் ஆள் அவன்தான், முடிவெட்டும் கடையில் ஷட்டரைத் தூக்கக் கைகொடுப்பவன், பல் டாக்டர் வருவதற்குள் வாசலில் இருக்கும் போர்டை மனப்பாடம் செய்தவன், ஆபீஸில் அவனுக்குச் சேவல் என்று பெயர். இத்தனைக்கும் தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன். அவள் அதைச் சொல்லிச் சொல்லியே அவன் மானத்தை வாங்குவாள், "மாப்பிள்ளை வராம போட்டோகிராபர் என்னையும் எங்கப்பாவையும் சேர்த்து வச்சு எடுத்துட்டு இருந்தாரு", வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு. அப்புறம் கல்யாணமான கொஞ்ச நாளில் திருந்திவிட்டான். தானாகவே. எங்கே போனாலும் நேரத்துக்கு முன்னால். பொறுப்பு வந்தால் மனுஷன் மாறுவான் என்று அவளிடமே பெருமை அடித்துக்கொள்வான், அவள் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, "ஆமாமா, பெரிய மாற்றம்," என்பாள். ஏன் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள்?... போன் அடித்தது. மாமியார். இந்த நேரத்துக்கு மாமியார்தான்.

"மாப்ள, கிளம்பிட்டீங்களா?" "பஸ்ல இருக்கேன் அத்தை." "குடை?" "கையில இருக்கு." "சரி, சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு, தினமும் இதேதான், ஆனால் அந்தக் "குடை?" என்கிற ஒற்றைச் சொல்லில் அத்தை ஒரு நாள் முழுதும் ஓட்டிவிடுவார். காரணம் இவன்தான். எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்த அந்த நாளில், கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா என்று அத்தை அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க, இவன் சொன்னான், மழை நேரமா இருக்குன்னு சொன்னா அத்தை, குடை எடுத்துக்கச் சொன்னா. பொய் இல்லை. குடை என்று அவள் சொல்லவில்லை, அது இவன் சேர்த்தது, மழை என்றால் குடைதானே. அன்று காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள், போனில் ஆபீஸ் காலண்டர் மணி அடித்தது, பல் டாக்டர், இவன் ஒரு காலில் ஷூவோடு குதித்துக்கொண்டிருந்தான், அவள் பிரஷ்ஷை எடுக்காமலே வாய் நிறைய நுரையோடு குளியலறை வாசலுக்கு வந்து ஏதோ சொன்னாள். ஏதோ, ஏதோ, அப்புறம் "மழ... நேழம் இழுக்கு". மழை நேரமாக இருக்கிறது. சரி என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினான். பொட்டு மழை இல்லை. மத்தியானம் ஆபீஸுக்குப் போன் வந்தது, தலைக்குள் ஒரு ரத்தக்குழாய், டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார், ஆறும் கிளைகளும் மாதிரி அழகாகவே வரைந்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை மடியில் வைத்திருந்தான். அது ஞாபகம் இருக்கிறது. அழுதது ஞாபகம் இல்லை. அழவில்லை, அதனால்தான். "கடைசி மூச்சு வரைக்கும் உங்க நினைப்புதான் மாப்ள அவளுக்கு," என்றார் அத்தை. அந்தக் குடையைப் பிறகு எப்படி வீட்டில் வைத்துவிட்டு வருவது?

ஆபீஸ். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி, எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் எப்போது போக வேண்டும் என்று காலண்டரில் போடுவது அவன் வேலை, சுலபமான வேலை, இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள். சனி ஞாயிறுகளில் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அடுத்த வாரத்து வேலையை வீட்டு லேப்டாப்பிலேயே போட ஆரம்பித்தான், வீட்டுக் காலண்டரும் ஆபீஸ் காலண்டரும் ஒன்றையொன்று பார்த்து நிரப்பிக்கொள்ளும், வசதிதானே. நேற்று மூத்த மெக்கானிக் மேனேஜர் அறையில் நின்று கத்தினார், "பத்து மணிக்குத் திறக்குற பில்டிங்குக்கு என்னை ஒன்பதுக்கு அனுப்பினா நான் என்ன சார் பண்றது? பூட்டின கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாய். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டே இருந்தோம். கடைசியில அதுக்கே போரடிச்சு தூங்கிருச்சு." எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரைத் தவிர. "நீ சேவலா இருந்துக்க, ஊரையே ஏன்யா எழுப்புற? இன்னிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வீட்டுக் கம்ப்யூட்டரோட தொடுப்பையே வெட்டி விட்ருவேன்." வெட்டினால் என்ன? ஒன்றுமில்லை. வீட்டுக் காலண்டரில் அவள் போட்டு வைத்தவை இன்னும் ஆபீஸ் திரையில் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும்படி போட்டவை. ஒவ்வொரு வியாழனும் "தலையைச் சீவு". மாதம் ஒருமுறை "என்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேள் (எதற்கு என்று யோசி)". ஒருமுறை மீட்டிங்கில் பெரிய திரையில் "தொப்பையை உள்ளே இழு" என்று வந்து, மேனேஜர் உட்பட அத்தனை பேரும் இழுத்துக்கொண்டார்கள். தொடுப்பை வெட்டினால் அவையெல்லாம் வீட்டோடு நின்றுவிடும். பகலெல்லாம் ஆபீஸில் இருப்பவனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து தலையைச் சீவு என்றால்?

கம்ப்யூட்டர் அக்காவின் அறை மாடிப்படிக்கு அடியில், குனிந்துதான் போக வேண்டும், அக்கா கொண்டைக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவர் எப்போதும் செருகியிருக்கும். "வாங்க சேவல். குடையை வெளியில வைங்க, உள்ள ஆளுக்கே இடமில்ல." வைக்கவில்லை. அக்காவும் மறுபடி சொல்லவில்லை. "என்ன கோளாறு?" "கடிகாரம்க்கா. பழைய மெஷின், கடிகாரம் கிறுக்குத்தனமா ஓடும். வீட்டுல பார்க்குற நேரத்தை நம்பாத, ஆபீஸ்ல விழுறதை நம்புன்னு சொல்லுவா. அதுல கை வச்சா எல்லாம் அழிஞ்சு போயிடும்னும் சொன்னா." "யாரு?" "வீட்ல." அக்கா ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்தார், திருகாணிகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார், உள்ளே பொத்தான் மாதிரி இருந்த பேட்டரியை ஒரு கருவியால் தொட்டுப் பார்த்தார். "இது குத்துக்கல்லு மாதிரி இருக்கு. இதுல கோளாறு இல்ல." திருப்பி வைத்து, ஆன் செய்து, எதையோ திறந்தார். பிறகு நாற்காலியோடு திரும்பினார். "தம்பி, நீங்க எங்க குடியிருக்கீங்க?" "தெரியாதாக்கா? பஸ் டிப்போ பின்னாடி." "இந்த மெஷின் அங்க இல்லையே. இது நடுக்கடல்ல இல்ல இருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினார். உலகப் படம், அதில் நேரப் பட்டைகள், அவர்கள் ஊருக்குக் கிழக்கே, தண்ணீருக்கு நடுவே, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு தீவு. வீட்டு லேப்டாப் அந்தத் தீவின் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு மணி நேரம் முன்னாடி. கிறுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, சுத்தமா ஒரு மணி நேரம். வீட்ல நீங்க பத்துன்னு அடிச்சா அது தீவுல பத்து, இங்க ஒன்பது. இது தானா மாறாது தம்பி. யாரோ தேடிப் பிடிச்சு, உக்காந்து, மாத்தியிருக்காங்க."

யாரோ. வீட்டில் இருந்தது இரண்டு பேர், ஒருவனுக்கு இந்தத் திரையைத் திறக்கவே தெரியாது... பொறுப்பு வந்தால் மனுஷன் மாறுவான். பெரிய மாற்றம். ஆமாமா. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, தோள் குலுங்க, பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, அடிப்பாவி, அவன் திருந்தவே இல்லை, ஒரு நாள்கூடத் திருந்தியதில்லை, அவன் அதே பழைய சோம்பேறி, அவனை அப்படியே தூக்கித் தீவில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், முடிவெட்டுகிறவர், பேங்க், பல் டாக்டர், எல்லாம் தீவுக் கணக்கில், அவன் ஷட்டருக்கு வெளியே நின்று உலகமே சோம்பேறி என்று தலையில் அடித்துக்கொண்டபோதெல்லாம் அவள் வீட்டில்... சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றிலிருந்து, மேலே மாடிப்படியில் போன யாரோ நின்று குனிந்து பார்த்தார்கள், சேவல் சிரிக்கிறது. கணக்கெழுதும் பெண் எட்டிப் பார்த்து, "என்னாச்சுக்கா?" என்றாள். "சேவல் தீவுல கூவிட்டு இருந்திருக்கும்மா, நீ போ." அக்காவும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸில் கை வைத்தார். "ஒரே தட்டு. ஊருக்குக் கூட்டிட்டு வந்துடலாம். மாத்தட்டுமா?"

மாற்றத்தான் வந்தது. மேனேஜர் சொல்லியிருக்கிறார், இன்றைக்குள். ஒரே தட்டு, அப்புறம் எல்லோருக்கும் இருக்கிற நேரம் அவனுக்கும். ஒழுங்கான நேரம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "அக்கா, லிஃப்ட் வேலை எதையும் இனிமே வீட்டுல போட மாட்டேன். அதை மட்டும் இங்கேயே நிறுத்த முடியுமா? என் சொந்தக் காலண்டர் மட்டும் ரெண்டு பக்கமும் ஓடட்டும்." "அது முடியும். சொந்தக் காலண்டரை ஊருக்குக் கொண்டு வரவா?" "வேணாம். தீவுலயே இருக்கட்டும்." "தெரிஞ்சு போச்சே தம்பி. இனிமே ஏமாற மாட்டீங்களே?" "ஏமாந்துக்குவேன்க்கா." அக்கா அவன் முகத்தைப் பார்த்தார், மவுஸைத் தட்டினார், பட்டை ஒன்று திரையில் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது, பழையவை எல்லாவற்றையும் பிரித்து அடுக்க வேண்டுமாம். மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம், நாய்க்கு இனித் தொந்தரவு இல்லை என்று. தலையைச் சீவு இனியும் வரும். நல்ல செய்திதான், நல்ல நாள்தான். நின்றுகொண்டே இருந்தான். அக்கா லேப்டாப்பைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, திருகாணிகளை உதட்டுக்கு நடுவே கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கிக்கொண்டிருந்தார், நிமிராமலே திரையைக் காட்டிச் சொன்னார், "உஹ்ஹாழுங்க, இழ்ழும் ஒழு மழி நேழம் இழுக்கு."

கை தானாகக் குடைக்குப் போனது. "மழையாக்கா?" அக்கா திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார். "மழையா? வெயில் மண்டையைப் பொளக்குது. உக்காருங்க, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னேன். பட்டை ஓடி முடிய."

உட்கார்ந்தான். நாற்காலி இல்லை, ஓர் அட்டைப்பெட்டி இருந்தது, அதன்மேல், மடியில் குடையோடு. மழ நேழம் இழுக்கு. அதற்கு முன்னால் இரண்டு மூன்று சொற்கள் நுரைக்குள் போயிருந்தன, அவற்றை எத்தனையோ தடவை தேடியிருக்கிறான், கண்ணாடி முன்னால் வாய் நிறைய நுரையோடு நின்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறான், எதுவும் பொருந்தியதில்லை, இப்போது ஒவ்வொன்றாகத் தாமாக வந்து உட்கார்கின்றன. அன்றைக்குப் பல் டாக்டர் வாசலில் படிக்கட்டில் அந்த ஒரு மணி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தான், போர்டைப் படித்துக்கொண்டு, காய்கிற வெயிலில் குடையை விரித்துப் பார்த்து மடக்கிக்கொண்டு. இத்தனை நாளும் காப்பாற்றிய ரகசியத்தை அன்றைக்கு ஏன் போட்டு உடைத்தாள்? வாய் தவறிவிட்டதா? ஒரு காலில் குதித்தவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததா? இல்லை, சும்மா, உட்காரட்டுமே என்றா? நாளைக் காலை அத்தை "குடை?" என்று கேட்பார், கையில இருக்கு என்பான், அதில் மாற்றமில்லை, குடை பாட்டுக்குக் குடை. ஆனால் அவள் சொன்னது மழையைப் பற்றி இல்லை. வாசலில் நின்று, பிரஷ்ஷை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, நுரை தாடையில் வழிய, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்:

"உக்காரு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."