ஏத்தினதை இறக்கணும்

அந்த லாரி மெக்கானிக்குக்குக் காத்திருக்கவே பிடிக்காது. மனைவி வீட்டு வரைபடம் போடுகிறவள். அவளுடைய கணினி ஒரு படத்தைத் திறப்பதற்குள் ஒரு டயரைக் கழற்றி மாட்டிவிடுவேன் என்று சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பான். அன்று காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், போனில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்து, பிராசஸரின் வேகத்தை ஏற்றிவிட்டான். லாரியில் வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னரைத் தளர்த்திவிட்டால் வண்டி பறக்கும். இதுவும் எஞ்சின்தானே என்பது அவன் கணக்கு.

கொஞ்ச நேரம் பறக்கத்தான் செய்தது. இன்றைக்கு என்னவோ சொன்ன பேச்சு கேட்கிறது என்று அவளே சொன்னாள். அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். பிறகு திரை உறைந்தது, நீலமானது, கறுத்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். அவ்வளவுதான்.

உள்ளே இருந்தது தூண்கள் நிற்கும் இடங்களைக் குறித்த படம். அவள் தனியாகப் பிடித்த முதல் வேலை. முடித்த பிறகு நகல் எடுக்கலாம் என்று விட்டிருந்தாள். வேலையிடத்தில் மேஸ்திரி ஆட்களோடு நிற்கிறார். மதியத்துக்குள் படம் வராவிட்டால் வேறு ஆளை வைத்து வரைந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே மோந்து பார்த்தான். கருகல் வாடை இல்லை. சூடுதான், ஆறட்டும் என்று மின்விசிறியைத் திருப்பி வைத்தான். ஆறியது, பலனில்லை. இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணு, இன்னொரு தடவை என்றான், மக்கர் செய்யும் வண்டியைத் தள்ளுகிறவன் மாதிரி. விசிறிக்கு முன்னால் நின்றும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்ன பண்ணீங்க?"

சொன்னான். அவள் பெட்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தாள்.

"ஏத்தினதை இறக்கணும். செட்டிங்குக்குள்ள நுழைய முடியலைன்னா உள்ள இருக்கற பேட்டரியக் கழட்டணுமாம்."

காசு அளவுக்கு ஒரு பேட்டரி. கரண்டைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றி வைத்தால், மாற்றி வைத்த வேகத்தைக் கணினி மறந்துவிடும். படம் ஹார்ட் டிஸ்க்கில் தனியாக இருக்கிறது. ஆனால் உறைந்த நேரத்தில் அது கெட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அவனுடைய தடித்த விரல் உள்ளே போகவில்லை. அவள் தள்ளி உட்காரச் சொல்லி, நகத்தால் நெம்பி எடுத்தாள். ஓடிவிடுமோ என்பதுபோல அவன் பேட்டரியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

திரும்ப மாட்டியதும் திரை வெளுத்தது. எழுத்து வந்தது. தேதி எங்கோ பின்னால் போயிருந்தது.

"கல்யாணத்துக்கு முந்தின தேதி காட்டுது. இப்பகூட நீ தப்பிச்சுக்கலாம்."

"முதல்ல படம் தப்பிச்சுதான்னு பாக்கலாம்."

படம் திறந்தது. கோடு கோடாக, தூண் தூணாக வந்தது. கடைசியாகப் போட்ட சில அளவுகள் மட்டும் இல்லை. பக்கத்தில் குறித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து அவற்றைப் போட்டு மேஸ்திரியின் போனுக்கு அனுப்பினாள். பாதியளவுக்காவது வேகத்தை ஏற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டதற்கு, திருப்புளியைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டாள்.

மேஸ்திரி கூப்பிட்டார். "என்ன தங்கச்சி, மூணாவது தூணு வாசல்ல நிக்குது? ஆளு எப்படி உள்ள போறது?"

"போனைத் திருப்பிப் பிடிங்கண்ணே."

அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரிடமோ தூணுக்கு அளவுக் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் கணவனைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.