நகக்கண்ணில் பச்சை

சட்டையில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. தையல் கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது. நூல் பிரிந்திருந்தாலும் பொத்தான் மயிரிழை விலகியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. எட்டு மணி நேரம் குறை தேடிய கண், வீட்டு வாசலில் செருப்போடு கழன்று விழுந்துவிடுமா என்ன? "உன் கண்ணு சம்பளம் இல்லாமலும் வேலை பாக்குது" என்பார் என் வீட்டுக்காரர்.

அவருடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புருஷனோடு சரிப்படவில்லை, வேலை கிடைக்கும்வரை இருந்துகொள்கிறேன் என்று ஒரே ஒரு கறுப்புப் பையோடு வந்து நின்றாள். சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தோம். ஜன்னல் கிடையாது. பழைய பீரோவுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், புரண்டு படுக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் என் இரண்டு பெண்களையும், நான் ஆறு மணிக்குத் திரும்பும்வரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து.

சின்னவளுக்கு இருட்டு என்றால் உயிர் போய்விடும். பட்டப்பகலில் பீரோவுக்குப் பின்னால் பந்து போனால்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வருவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சாமான் அறைக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. அழுகை கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கேட்டது சிரிப்பு. நான் தட்டியதும் சிரிப்பு நின்றது. ஏதோ உருண்டது, ஏதோ மூடியைத் திருகினார்கள், அப்புறம்தான் கதவு திறந்தது.

"இருட்டுல என்ன பண்றீங்க?"

"சும்மா விளையாடுறோம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

பெரியவள் கூரையைப் பார்த்தாள். சின்னவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். 'சும்மா' என்று யாராவது சொன்னால் நான் அந்த இடத்தை இரண்டு தடவை பார்ப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. துண்டில் மஞ்சள் கறை. பெரியவளின் ஹைலைட்டர் பேனாக்களைக் காணோம். குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாதி பாட்டில் மாயம். குப்பையில் நான் போட்ட தண்ணீர் பாட்டில்களை நாத்தனார் பொறுக்கி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும் அண்ணி, ஆகும்" என்றாள். எதற்கு ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்தது. "அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது, சரியா?" நாத்தனாரின் குரல். "சரி அத்தை" என்றது சின்னவளின் குரல்.

பிள்ளைகளுக்கு இருமல் மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருந்த ஓர் ஆயாவைப் பற்றிப் பக்கத்து மேஜைக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை நாளாக நானும் டாக்டரும் கெஞ்சியும் போகாத பயம், மூன்றே மாதத்தில் எப்படிப் போகும்? எதையோ கொடுக்கிறாள். உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் எரிந்தது. என் கையைப் பிடித்த கை இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இல்லைன்னா உங்க தங்கச்சி வேற இடம் பாத்துக்கட்டும்."

"அவ எங்க போவா?"

"அது எனக்குத் தெரியாது. என் பிள்ளைங்க எனக்கு முக்கியம்."

அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். மதியம் வந்தபோது வீடு காலியாக இருந்தது. பூங்காவுக்குப் போயிருப்பதாகப் பெரியவள் சீட்டு எழுதி வைத்திருந்தாள். நான் நேராகச் சாமான் அறைக்குப் போனேன். கறுப்புப் பையின் ஜிப்பை இழுத்தேன். நாலு உடுப்பு, சர்டிபிகேட் வைத்த ஃபைல், அதற்கடியில் துணியில் சுற்றிய ஒரு சின்னக் குப்பி. லேபிள் இல்லை. உள்ளே மங்கிய மஞ்சள் தண்ணீர்.

மூடி இறுக்கமாக இருந்தது. பல்லைக் கடித்துத் திருகியதில் கொஞ்சம் விரலில் சிந்திவிட்டது. முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனையா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உள்ஜிப்பில் ஒரு கவர் இருந்தது. பிரித்தேன். அவள் புருஷன் எழுதிய கடிதம். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சியிருந்தான். இரண்டு வரி படித்ததும், இதைப் படிக்க எனக்கு என்ன உரிமை என்று உறைத்தது. ஆனாலும் மூன்றாவது வரியையும் படித்துவிட்டுத்தான் மடித்தேன். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து ஜிப்பை மூடினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். வீட்டுக்காரர் வரட்டும், குப்பியை அவர் முன்னால் எடுத்து வைத்துக் கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குள் சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வா. இன்னைக்குக் காட்டலாம்னு அத்தை சொல்லிட்டாங்க."

சாமான் அறையில் எங்கள் நாலு பேருக்கும் நிற்கத்தான் இடமிருந்தது. சின்னவள் தானே கதவைச் சாத்தினாள். தானே விளக்கை அணைத்தாள். என் மகள், தன் கையால், விளக்கை அணைத்தாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். நாத்தனார் முன்பு கடையில் கல்லாவில் இருந்தபோது கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருந்த கைவிளக்கு அது. ஊதா வெளிச்சம் பட்டதும், இஸ்திரி மேஜைமேல் வரிசையாக நின்ற பாட்டில்கள் பச்சையாக எரிந்தன. நான் குப்பையில் போட்ட அதே பாட்டில்கள். சின்னவள் ஒன்றைக் கவிழ்த்தாள். உள்ளே எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமல் புரண்டு, பச்சை உருண்டைகள் மெதுவாகக் கீழே இறங்கின. உள்ளே போட்டிருந்த பாசிமணிகள் சரிந்தன.

"ஹைலைட்டருக்குள்ள இருக்கிற பஞ்சைக் குறட்டால இழுத்துத் தண்ணியில ஊறப் போடணும்மா" என்றாள் பெரியவள், டீச்சர் மாதிரி. "மூடியைப் பசை போட்டு ஒட்டிட்டோம். ஊற வச்ச சாயத்தை இவ குடிச்சிருவான்னு அத்தை அவங்க பைக்குள்ள பூட்டாத குறையா வச்சிருக்காங்க."

"நூறு எண்ணுற வரைக்கும் இருட்டுல இருந்தா அம்மாவுக்குக் காட்டலாம்னு அத்தை சொன்னாங்க" என்றாள் சின்னவள். "நேத்து நூறு வந்திருச்சு."

அவளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் விளக்கை என் பக்கம் திருப்பினாள்.

என் நகக்கண்கள் பச்சையாக எரிந்தன. மூன்று விரல், கட்டைவிரலின் ரேகைகூடத் தெரிந்தது.

"அம்மா, நீயும் செஞ்சியா?" அவளுக்கு ஒரே சந்தோஷம். விளக்கைச் சுவர்மேல் ஓட்டினாள், தரையில் ஓட்டினாள். "இங்க பாரு, இங்கயும் இருக்கு." கறுப்புப் பையின் ஜிப் முழுக்கப் பச்சை விரல்கள்.

நாத்தனார் விளக்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். பையைத் திறந்தாள். ஃபைலில் பச்சை. உள்ஜிப்பில் பச்சை. கவரை வெளியே எடுத்துச் சற்று நேரம் பார்த்தாள். அதன் நான்கு மூலையிலும் நான் இருந்தேன்.

"பையைக் காட்டுன்னு கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன் அண்ணி."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள். பிள்ளைகள் முன்னால் என் முகம் தெரிய வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

இருட்டில் ஒரு சின்னக் கை என் விரலைத் தேடிப் பிடித்தது. "பயப்படாதம்மா" என்றாள் சின்னவள். "நான் இருக்கேன்ல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு, சரியாயிடும்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். போகாதே என்றும் சொன்னேன். "போகலை அண்ணி" என்றாள். போகவும் இல்லை. இப்போதும் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். முன்பு போலவே சிரிக்கிறாள், பேசுகிறாள்.

ஆனால் அன்றிலிருந்து அந்தக் கறுப்புப் பை சாமான் அறை வாசலுக்கு நேராக, ஜிப் முழுக்கத் திறந்தபடி கிடக்கிறது. மேலாக அந்தக் கவர், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது மூடிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். குனிவேன். தொடத் தைரியம் வருவதில்லை.