ஒரே தட்டில் ஏழு

குளியலறைக் குழாய் கசிந்து, ஈரம் ரெக்கார்டு அலமாரிக்குப் பின்னால் வரை ஏறிவிட்டது. சுவரை உடைக்க வேண்டும் என்று பிளம்பர் சொன்னதும் என் கணவரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. வீட்டுக்குள் வெள்ளமே வந்தாலும் முதலில் அலமாரி, அப்புறம்தான் நான்.

அதில் இருந்த இசைத்தட்டு அத்தனையும் ஒரே குழுவினுடையது. இரண்டே தட்டுகள் போட்டுவிட்டுக் கலைந்துபோன, யாரும் கேள்விப்படாத குழு. அட்டையின் நிறம் மங்கியிருந்தால் ஒன்று, பின்பக்க எழுத்து சாய்ந்திருந்தால் இன்னொன்று என்று அதே இரண்டையே தேடித் தேடி வாங்கினார். கல்யாணமான புதிதில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டுவார். இப்போது போடுவதே இல்லை. ஊசி பட்டால் தேயுமாம்.

அலமாரியைக் காலி செய்யக் கைகொடுத்த பிளம்பர் ஓர் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, படத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த பரட்டைத் தலைப் பையனைக் காட்டினார்.

"இது நான்தான் சார். அப்ப முடி இருந்துச்சு."

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தப் பாட்டு எப்படிப் பதிவானது என்று இவர் சொல்லச் சொல்ல, வாசித்தவர் "அப்படியா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து கிளம்பும்போது பிளம்பர் தயங்கினார். "எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல சார். பொண்ணு டிரம்ஸ் கத்துக்கறா. நானும் வாசிச்சேன்னா சிரிக்கிறா. இதே தட்டு ஏழு வச்சிருக்கீங்களே, ஒண்ணு குடுப்பீங்களா?"

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் கணவர். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "இது முதல்ல அச்சடிச்சது... இதுல ஓரம் வெள்ளை..." குரல் இறங்கிக்கொண்டே போனது. ஏழாவதையும் உள்ளே வைத்தார்.

"பரவால்ல சார்." பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"குடுத்துத் தொலைங்களேன். அவர் வாசிச்சதுதானே?" என்றேன்.

"மனசு குடுன்னுதான் சொல்லுது. கை விடமாட்டேங்குது. நான் என்ன பண்றது, சொல்லு."

எனக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருந்தது. இந்த மனிதரை இதிலிருந்து எதைச் சொல்லி வெளியே இழுப்பது என்று தெரியவில்லை.

திடீரென்று ஒன்றை உருவிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். கீழே, வண்டியருகே நின்று நீட்டினார். பிளம்பர் சிரித்தபடி கை வைத்தார். ஆளுக்கொரு ஓரம் பிடித்திருந்தார்கள். பிளம்பர் மெல்ல இழுத்தார். அட்டை நகரவில்லை. விடுங்க, விட்டுடுங்க என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

கையை எடுத்தது பிளம்பர்தான். கணவரின் தோளை லேசாகத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகும், இவர் அட்டையை நீட்டியபடியே வெறுங்காலுடன் நின்றிருந்தார்.