குதிக்காமல் இறங்குதல்

மார்னி செட்லாக்கின் வீட்டுக்கு ஒரு காலத்தில் கல்லூரிக்காரர்கள் பெண் கேட்க வருகிறவர்களைப் போல வந்தார்கள். அவள் அப்போது பள்ளியில் கடைசி வருஷம். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் எங்கெங்கிருந்தோ நெப்ராஸ்கா வரைக்கும் கார் ஓட்டி வந்து, அம்மா லோரா சுட்ட பாப்பி விதைக் கோலாச்சேயை வாயில் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பலகாரம் சாப்பிட்டதே இல்லை என்று சத்தியம் பண்ணினார்கள். எல்லாம் மகளைக் கொத்திக்கொண்டு போவதற்கான புளுகு என்று லோராவுக்குத் தெரியும். தெரிந்தும் இன்னும் இரண்டு எடுத்துத் தட்டில் வைத்தாள்.

அவர்களில் ஒருவர் படிப்புச் செலவு முழுவதையும் கல்லூரியே ஏற்கும் என்று சொல்லி அவளை அழைத்துப் போனார். நாலு வருஷம் கல்லூரிக்காக ஆடினாள். கடைசிப் போட்டி முடிந்த மறுநாள் பயிற்சிக்கூடத்தில் போய்ப் பார்த்தால், அவளுடைய அலமாரியில் வேறொரு பெண்ணின் பெயர் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு வயதில் இந்த உடம்புக்கு இனி வேலையில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். மார்னிக்கு அது பொறுக்கவேயில்லை.

கூட ஆடியவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். ஒருத்தி லாஸ் வேகாஸ் சர்க்கஸில் கயிற்றில் தொங்கி வித்தை காட்டுகிறாள். ஒருத்தி சினிமாவில் கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுகிறாள். முட்டி தேய்ந்துபோய் அழுதுகொண்டே ஆடிய கேசி இப்போது ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கை முட்டி விற்கிறாள், நல்ல வியாபாரமாம். மார்னிக்குக் கிடைத்தது இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு நாற்காலி. சுழலும் நாற்காலிதான், ஆனாலும் நாற்காலிதானே.

அந்தக் குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்து ஊரே இருண்டு கிடந்தபோது, வீட்டுக்கு எதிரே இருந்த கம்பத்தின் உச்சியில் ஒருவன் இடுப்புப் பெல்ட்டில் ஹாயாகச் சாய்ந்துகொண்டு வேலை பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விளக்கு எரிந்ததும் லோரா கைதட்டினாள். மார்னி தட்டவில்லை. பொறாமையில் வெந்துகொண்டிருந்தாள்.

பனி உருகியதும் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் லைன்மேன் தேர்வுப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். பூட்ஸில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு மரக்கம்பத்தில் ஏறுகிற வேலை. உயரத்தைப் பார்த்துப் பாதிப் பேர் ஓடிப்போனார்கள். ஏறுவதில் மார்னியை அடிக்க ஆளில்லை. வம்பெல்லாம் இறங்குவதில்தான்.

ஜிம்னாஸ்டிக்ஸில் யாரும் இறங்குவதில்லை. கம்பியோ கட்டையோ, ஆட்டம் முடிந்தால் கையை விட்டுக் குதித்து, ஆடாமல் அசையாமல் நின்று, நடுவர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கவேண்டும். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிப்போன சங்கதி அது. வீட்டு மாடிப்படியின் கடைசிப் படிகளை மார்னி மிதித்ததே கிடையாது. கம்பத்திலும் அப்படித்தான், தரைக்கு ஆள் உயரம் இருக்கும்போது கை தானாக விட்டுவிடும்.

முதல் தடவை குதித்தபோது பையன்கள் விசிலடித்தார்கள். பயிற்சி கொடுக்கும் ஹாஸ்கெல் விசிலடிக்கவில்லை.

"என்ன இது, சர்க்கஸா? கால்ல முள்ளக் கட்டிக்கிட்டுக் குதிக்கிற. ஒரு நாள் மண்ணுல சொருகி கணுக்கால் தனியா போயிரும்."

"தெரியாம குதிச்சிட்டேன் சார்."

"கையத் தூக்கினியே, அது யாருக்கு? அந்த மாட்டுக்கா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு உண்மையிலேயே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் குதித்தாள், அதற்கடுத்த நாளும். கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் ஹாஸ்கெல் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன்ன மாதிரி ஏறுற ஆள நான் பாத்ததில்ல. ஆனா நாளைக்கும் குதிச்சேன்னா, மூட்டையக் கட்டிக்க வேண்டியதுதான்."

வீட்டில் வந்து சொன்னதும் லோராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"குதிக்கக் கத்துக்குடுன்னு இத்தன வருஷம் காசக் கொட்டினேன்டீ. இப்ப குதிக்காம இருந்தா சம்பளம் தர்றேங்கிறான் ஒருத்தன்!"

"சிரிக்காதம்மா. இது போச்சுன்னா எனக்கு அந்த நாற்காலிதான்."

லோரா சிரிப்பை நிறுத்திவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தேர்வன்று காலை. வட்டமாக நட்டிருந்த கம்பங்களில் ஆளுக்கொன்றாக ஏறி, பெல்ட்டில் சாய்ந்தபடி, ஒருவருக்கொருவர் கூடைப்பந்தை வீசிப் பிடிக்கவேண்டும். கீழே மடக்கு நாற்காலிகளில் அதிகாரிகள் மார்க் போடும் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மார்னியின் முதுகு தானாக நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பந்து நன்றாகத்தான் சுற்றி வந்தது. பக்கத்துக் கம்பத்தில் இருந்த எமெட் கைக்கு வந்ததும் நின்றது. எமெட் பன்றிப் பண்ணைக்காரர் மகன், கதவை அடைக்கிற மாதிரி ஆள். பந்தைப் பிடித்தவன் எதற்கோ கீழே பார்த்துவிட்டான். பந்து விழுந்தது. கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான்.

"எமெட், பெல்ட்டுல சாய்ப்பா!" என்றார் ஹாஸ்கெல்.

"மாட்டேன் சார்."

ஹாஸ்கெல் தன் முள்ளை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். அவர் ஏறி இறக்கிக் கொண்டுவந்தால் தேர்வில் எமெட்டின் கதை முடிந்தது.

"ஏய் எமெட்," என்றாள் மார்னி. "கீழ பாக்காத. என் மூக்கப் பாரு."

"உன் மூக்குல என்ன இருக்கு?"

"உடைஞ்சு ஒட்டவெச்ச மூக்கு. எந்தப் பக்கம் கோணல்னு சொல்லு."

ஒரு கண்ணைத் திறந்தான். "இடது."

"உன் தல. வலது. சரி, வலது கால எடு. நானும் எடுக்கிறேன். நீ நின்னா நானும் நிப்பேன்."

ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கினார்கள். அவன் நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள்.

"நீ எப்பவாச்சும் பயந்திருக்கியா?" என்று கேட்டான்.

"கட்ட மேல நின்னு பின்னாடி பல்டி அடிக்கும்போதெல்லாம்."

"அப்புறம் எப்படி அடிச்ச?"

"காலேஜ் பீஸ் கட்டினாங்களே!"

சிரிப்பு வந்ததில் அவன் பிடி தளர்ந்து, இரண்டு அடி ஒழுங்காக இறங்கினான்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"அதக் கேக்காத. ராத்திரிக்கு என்ன சாப்பிடப் போற?"

"ரன்சா. பன்னுக்குள்ள மாட்டுக்கறியும் முட்டைக்கோஸும் நெறைய வெச்சது."

"எனக்கும் சேத்து வாங்கு. இடது கால்."

அந்த இடது கால் புல்லில் பட்டது. எமெட் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தான். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டு முதுகில் அறைந்தார்கள். மார்னி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், ஹாஸ்கெல் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார்?"

"நீ குதிக்கல."

மார்னி குனிந்து பார்த்தாள். பூட்ஸ் இரண்டும் சாதுவாகத் தரையில் நின்றன. எப்போது வந்து நின்றன என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்படி இறங்கினேன் சார்?"

"பஸ்ஸுலேருந்து கிழவி இறங்குற மாதிரி. அவ்வளவு அழகு."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ நடுவர்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். எதற்கும் இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

எமெட் ஒரு காபி குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே மறுபடி ஏறிப் பந்தைப் பிடித்தான். இரண்டு பேருக்கும் வேலை என்று மதியம் சொன்னார்கள்.

"நாலு வருஷம் பழைய ஆளுங்க கூட நின்னு பழகணும்," என்றார் ஹாஸ்கெல். "அதுக்கப்புறம்தான் உன்ன லைன்மேன்னே சொல்லுவோம். ரொம்ப ஜாஸ்தியாத் தெரியுதா?"

"இல்ல சார்," என்றாள் மார்னி. வேலி ஓரமாகப் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

லோரா கூச்சல் போட்டாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். அப்புறம் பழைய பழக்கத்தில் கேட்டாள்: "எத்தன வருஷத்துக்குடீ எடுத்திருக்காங்க?"

"முடியிற தேதின்னு ஒண்ணும் சொல்லலம்மா," என்றாள் மார்னி. "ஆரம்பிக்கவே நாலு வருஷம் ஆகுமாம்."