ஒன்பதாவது வளைவு

"பேசாம இருக்காத. 'சரி அண்ணி'ன்னு சொல்லு. அவனுக்குக் கேக்கற மாதிரி சொல்லு," என்றாள் போனில் அண்ணி, கணவனின் அக்கா.

"சரி அண்ணி," என்றாள் அவள்.

கார் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓரத்துப் பலகையில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. பின் இருக்கையில் அடுக்கியிருந்த பாத்திரப் பெட்டி ஒன்று சரிந்து கதவில் இடித்தது.

"ஹாரன் சத்தம் கேக்குதே. மலையிலயா இருக்கீங்க? அப்பாகிட்ட பெரிய ரோடுன்னு சொன்னீங்களே. சரி, விடு. கீழ இறங்கி வண்டியை நிறுத்தற வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத. அப்பா போயிட்டாருன்னு கேட்டா அவன் கை ஸ்டியரிங்ல நிக்காது."

அதுவரை தெளிவாகப் பேசிய அண்ணி, அதற்குமேல் முடியாமல் ஓவென்று அழுதாள். இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த அழுகை வெளியே ஒரு துளியும் கேட்டுவிடக் கூடாது. சிக்னல் தானாகவே போய்விட்டது.

"அக்காவுக்கு என்னவாம்?" என்றான் கணவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடையை அங்கயே விட்டுட்டு வந்துட்டோமாம்."

"குடை பின்னாடிதானே இருக்கு?"

இருந்தது. மெத்தைச் சுருளின்மேல், கண்ணை உறுத்தும் சிவப்பில். பொய் சொல்ல உலகத்தில் வேறு பொருளே அவளுக்குக் கிடைக்கவில்லை.

"அது வேற குடை."

"நம்ம வீட்டுல ஒரு குடைக்கடையே இருக்கும்போல," என்று அவன் சிரித்தான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேலை மாற்றம். தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிய லாரி ஒரு நாள் முன்னாலேயே போய்விட்டது. மிச்சமிருந்ததைக் காரில் திணித்துக்கொண்டு இவர்கள் கிளம்பினார்கள். புறப்பட்டதிலிருந்து மாமனார் இரண்டு மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே வந்திருக்கிறீர்கள், டயரில் காற்று இருக்கிறதா, அவன் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேட்பார். மலைப்பாதை மட்டும் வேண்டாம், நாலு மணி நேரம் அதிகமானாலும் பெரிய ரோட்டிலேயே போங்கள் என்று ஆயிரம் தடவை சொன்னார். அதனாலேயே இவன் மலைப்பாதையைப் பிடித்தான். நாற்பத்திரண்டு வயதிலும் அப்பா சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதில் அவனுக்கு ஒரு திருப்தி.

காலை பத்து மணிக்கு அவர் கூப்பிட்டபோது அவன் கையால் சைகை காட்டினான். "பெரிய ரோட்டுலதான் போறோம் மாமா," என்று அவள் கூசாமல் சொன்னாள்.

இப்போது மணி பதினொன்றரை. அவருடைய குரல் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது. அவர் இல்லை என்பதை மனம் ஏற்க மறுத்தது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்தறீங்களா?"

"இங்க ஓரம் எங்க இருக்கு? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னாடி ஒரு டேங்கர் லாரி. மயக்கம் வருதா?"

"இல்ல. மெதுவாப் போங்க. அது போதும்."

"நீயும் அவரை மாதிரியே ஆரம்பிச்சிட்ட."

மூடுபனி இறங்கியது. பதினைந்து, பதினான்கு. பலகைகள் பனிக்குள்ளிருந்து கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிந்தன. பிரேக் கருகும் வாடை அடித்தது, தங்கள் வண்டியா முன்னால் போகும் வண்டியா தெரியவில்லை. இன்னும் எத்தனை என்று அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

பதினோராவது வளைவில் அவன் தானாகவே பேசினான்.

"கீழ போனதும் அப்பாவுக்கு ஒரு போன் போடு. மலை வழியா வந்ததை நானே சொல்லிடறேன். ஒரு பாட்டம் திட்டட்டும். திட்டாம இருந்தா அவருக்குச் சாப்பாடு இறங்காது."

"சரி," என்றாள். இவளுக்கு அவன்மேல் ஒரு வாரமாகவே கோபம். வீட்டைக் காலி செய்த அன்று, 'போற இடத்துல நல்லா இருங்க, என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க' என்று மாமனார் சொன்னபோது, நீங்களும் வாங்கப்பா என்று மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, 'கூப்பிட்டா வரமாட்டாரு, விடு' என்று முடித்துவிட்டான். இன்றைக்குப் பார்த்து அந்தக் கோபம் எங்கோ போய்விட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது வளைவில் சிக்னல் வந்தது.

வழி பார்ப்பதற்காக அவனுடைய போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அதைப் பற்றி அவளுக்கு யோசனையே ஓடவில்லை. டிங் என்றது. வரைபடத்தின் தலைமாட்டில் சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. 'ஆழ்ந்த' என்ற முதல் வார்த்தை கண்ணில் பட்டதுமே அவள் பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

"சார்ஜ் போயிடுச்சு," என்றாள். சார்ஜர் ஒயர் போனிலிருந்து கழன்று அவள் மடிமேல் தொங்கியது.

அவன் திரும்பவில்லை. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. வண்டியைப் பாறையோடு ஒட்டி ஒதுக்கி, அது கடக்கும்வரை நின்று, பிறகு கியரைக் குறைத்துப் புறப்பட்டான். அதற்குப் பின் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நீளமாக ஹாரன் அடித்தான். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முள் ஏறவே இல்லை. பின்னால் வந்த டேங்கர்காரன் பொறுமையிழந்து விளக்கடித்தபோதும் அவன் அசையவில்லை. இத்தனை நல்ல பிள்ளையாக அவன் ஓட்டி அவள் பார்த்ததில்லை. கோபமா, பயமா என்று புரியாமல் அவள் இருக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். ஓரமாக நிழலில் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கை அதிலிருந்து எடுபடவில்லை.

"எப்போ?" என்றான்.

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"பத்தரை இருக்கும். நாற்காலியில உக்காந்தபடியேதான். அண்ணி டீ கொண்டு போயிருக்காங்க, அப்ப..." அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்படி?"

"ஆழ்ந்தன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியாதா? யாருக்குன்னு நீ பிடுங்கின வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுக்கிட்டா அவ்வளவு தூரம் ஓட்டினீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நானும் அழுவேன். அப்புறம் எப்படி ஓட்டறது? பக்கத்துல நீ உக்காந்திருக்கியே."

அவள் அப்போதுதான் அழுதாள், அடக்கி வைத்த பதினெட்டு வளைவுக்கும் சேர்த்து. அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியா உன்கிட்டதானே பேசினாரு? என்ன சொன்னாரு?"

"பெரிய ரோட்டுலதான் போறோம்னேன். 'அப்ப நிம்மதி'ன்னாரு. பொய் சொல்லிட்டேங்க."

"நான்தானே சொல்லச் சொன்னேன்."

"இப்ப திரும்பிடலாம். நான் ஓட்டறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க."

அவன் மறுக்கவில்லை. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிக் காரைச் சுற்றி வந்தான். அவன் ஏறி உட்கார்வதற்குள் அவள் போன் அடித்தது. லாரி டிரைவர். அவள் எடுப்பதற்குமுன் அவன் கை நீட்டி வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், எல்லாம் இறக்கியாச்சு. பெரிய கட்டிலை மாடி பெட்ரூம்ல போட்டாச்சு. அந்தப் புது ஒத்தைக் கட்டில் ஒண்ணு இருக்கே, கடைசி நேரத்துல நீங்க ஏத்தினீங்களே, அதையும் மாடிக்கே ஏத்திடவா?"

எந்தக் கட்டில் என்று அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"மாடி வேணாம்ப்பா. அவரால படி ஏற முடியாது. கீழ பாத்ரூமுக்குப் பக்கத்து ரூம்ல போடு."

"சரி சார். மெத்தை?"

அவள் ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வண்டியை உடனே எடுக்கவில்லை. அவன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். மெத்தை எங்கே, தலையணை எங்கே, கம்பளி எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக.