நாற்பது வீட்டுப் பதில்

போளூரில் கிளம்பிய மலை பஸ் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இறங்கி நடந்தே போய்விடலாமா என்று கோபால்சாமிக்குத் தோன்றியது. தோன்றியதே ஒழிய எழுந்திருக்கத் தெம்பு இல்லை. மடியில் ஒரு ஃபைல், அதற்குள் நாற்பது தாள். ஒரே மாதத்தில் இரண்டாம் தடவையாக அதே மலை, அதே நாற்பது தாள், அதே இருபது கேள்வி. பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தலையெழுத்தா?

அவன் படித்தது தொடர்பியல். எண்பத்து நாலில் அந்தப் பெயரைச் சொன்னால் சென்னையிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். மலையில் கேட்கவே வேண்டாம். டெலிபோன் ஆபீசில் உத்தியோகம் வாங்கித் தரும் படிப்பு என்று அவன் தாய்மாமன் கருப்பன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கோபால்சாமியும் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும், விளக்கி விளக்கி அவனுக்கு அலுத்துவிட்டது.

கல்லூரியும் அவனுக்கு அலுத்துத்தான் கிடந்தது. காலையில் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார்கள். சொல்கிறவர், செய்தி, கேட்கிறவர். நடுவில் இரண்டு அம்புக்குறி. இந்த மூன்று கட்டத்தையே மூன்று வருஷமாக விதவிதமாகப் போட்டுக் காட்டினார்கள். மத்தியானம் தலைவலி மாத்திரைக்கு விளம்பரம் எழுதச் சொல்வார்கள். அதை எழுதுவதற்குள் அவனுக்கே தலைவலி வந்துவிடும். சாயங்காலம் விடுதியில் தண்ணீராய் ஓடும் சாம்பார். நடுவில் எவனாவது, "ஜவ்வாது மலையா? அங்கே புலி உண்டாடா?" என்று கேட்பான். முதல் வருஷம் இல்லை என்று சொன்னான். இரண்டாம் வருஷம் உண்டு என்று சொன்னான். மூன்றாம் வருஷம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இந்த லட்சணத்தில்தான் ப்ராஜெக்ட் வந்து சேர்ந்தது. மலைக் கிராமத்து மக்கள் வானொலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நாற்பது வீட்டில் விசாரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டம் இருக்கும், சொல்கிற பதிலுக்கு ஏற்ப ஒன்றில் டிக் போட வேண்டும். அவர்கள் சொன்னதை மட்டுமே குறிக்க வேண்டும், கேட்கிறவன் தன் கைச்சரக்கைச் சேர்க்கக் கூடாது. துறைத் தலைவர் ஞானராஜ் சார் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார்.

கோபால்சாமி தன் சொந்த ஊருக்கே போனான். ஜமுனாமரத்தூரில் இறங்கி நாலு மைல் நடந்தால் புளிமேடு. நாற்பத்தோரு வீடு. தன் வீட்டை விட்டுவிட்டு நாற்பது வீட்டிலும் உட்கார்ந்து கேட்டான். நாற்பது வீட்டிலும் எல்லாவற்றுக்கும் "உண்டுங்க" என்றே சொன்னார்கள். ரேடியோ உண்டா? உண்டுங்க. தினமும் விவசாய நிகழ்ச்சி கேட்பதுண்டா? உண்டுங்க. கேட்டபடி உரம் போடுவதுண்டா? உண்டுங்க. பஞ்சாயத்து ரேடியோப் பெட்டி மூன்று வருஷமாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. அதற்குள் கோழி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தாகிவிட்டது. ஊர் மொத்தத்துக்கும் பாடுகிற ரேடியோ என்று இருந்தது ரங்கசாமி தோளில் தொங்கும் டிரான்சிஸ்டர் ஒன்றுதான்.

அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தாளும் பேனாவுமாக எவன் மலையேறி வந்தாலும் அந்த ஊரில் பதில் அதுதான். அவனைத் தூளியில் போட்டு ஆட்டிய பக்கத்து வீட்டுப் பெரியம்மாளே அதைச் சொன்னாள். "இல்லன்னா, ஏன் இல்லன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் சொல்லணும். அப்பால இன்னோர் ஆள் வருவான். உண்டுன்னா எழுதிகினு போய்டுவாங்கடா." இவ்வளவு சுருக்கமாகத் தொடர்பியலை எந்தப் பேராசிரியரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. அதை அப்படியே ஒரு பக்கம் எழுதி, தாள்களோடு சேர்த்துக் கொடுத்தான்.

ஞானராஜ் சார் தாள்களைப் புரட்டினார். பத்தாவது தாளில் அவர் முகம் சிவந்தது.

"நாற்பது வீடு, இருபது கேள்வி, எல்லாத்துக்கும் ஒரே பதில். இது மனுஷங்க வாழற ஊரா, அச்சாபீசா?"

"அவங்க சொன்னது அதுதான் சார். ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு கடைசிப் பக்கத்துல…"

"அது கதை. எனக்குக் கதை வேண்டாம். ஊருக்கே போகாம ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கிட்டு டிக் போட்டிருக்கே. திங்கக்கிழமைக்குள்ள ஒழுங்கா விசாரிச்சுக் கொண்டு வா. இல்லேன்னா ஃபெயில்."

ஃபெயில் என்றால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். அரசு விடுதியில் இன்னொரு வருஷத்துக்கு இடம் கிடையாது. ஆக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். கணவன் செத்த பிறகு சாமைக்கொல்லையில் ஒற்றை ஆளாக மாரடித்து, இருக்கிற ஒரே பிள்ளையைப் படிக்க அனுப்பிய அம்மா மாதம்மாளிடம் போய், பட்டம் இல்லையம்மா என்று நிற்க வேண்டும்.

அறைத்தோழன் மக்பூல் வாணியம்பாடிக்காரன், காரியக்காரன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அரே, இதுக்கு ஏண்டா மலையேறணும்? இப்படிக் குடு, இருவது தாள்ல நான் இல்லன்னு போட்டுத் தரேன். அரை மணி நேர வேலை. உங்க சார் முதுகுல தட்டிக் குடுப்பாரு."

அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் கோபால்சாமிக்கு வீம்பு வந்துவிட்டது. செய்யாத திருட்டுக்குத் திருடன் என்று பட்டம் கட்டியாயிற்று, அதற்காக இனிமேல் போய்த் திருடுவதா? முடியாது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புதுத் தாள்களோடு பஸ் ஏறிவிட்டான். ஏறிய பிறகுதான் உடம்பு வலித்தது.

ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது மத்தியானம். டீக்கடை பெஞ்சில் கருப்பன் மாமா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கோபாலு, அதுக்குள்ள வந்துட்ட? மூஞ்சி ஏன் இப்படிச் செத்துக் கெடக்குது?"

அங்கேதான் அவன் வாயைக் கொடுத்துக் கெட்டான். களைப்பு, பசி, யாரிடமாவது கொட்டினால் தேவலை என்று இருந்தது. கொட்டிவிட்டான்.

"எல்லாரும் உண்டு உண்டுன்னு சொன்னீங்க இல்ல மாமா? அதனால ஃபெயில் பண்றேன்றாங்க."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நம்ம ஜனங்க சொல்லியா நீ ஃபெயிலாவுற?"

"ஒருத்தராவது இல்லன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்."

"அட பாவமே," என்றார் மாமா. மீதி டீயைக் குடிக்காமலே எழுந்து, வேலை இருப்பதாகச் சொல்லி முன்னால் நடந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் நடந்து கோபால்சாமி பார்த்ததில்லை. இவன் ஆடி அசைந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் அவர் ஊர்க்கவுண்டர் வீட்டில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது.

சனிக்கிழமை காலை முதல் வீடாகப் பெரியம்மாள் வீட்டுக்குப் போனான். வாசலில் புளியைக் கொட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ உண்டா ஆயா?"

"இல்ல."

அவனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "விவசாய நிகழ்ச்சி கேக்கறதுண்டா?"

"இல்ல."

"கறவை மாடு உண்டா?"

"இல்ல."

அவள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த பசு தலையை ஆட்டியது. கோபால்சாமி பசுவைப் பார்த்தான். பெரியம்மாள் பசுவைப் பார்க்கவில்லை.

"ஆயா, அது யார் மாடு?"

"நீ எழுதுடா. இல்லன்னு எழுது."

மூன்றாவது வீட்டில் கிணற்றடியில் நின்று தண்ணீர் சேந்திக்கொண்டே, கிணறு இல்லை என்றார்கள். ஏழாவது வீட்டில் ரங்கசாமி தோளில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. ரேடியோ உண்டா என்று கேட்டதும், தாளும் பேனாவுமாக வந்தவனுக்கு மரியாதை கொடுத்து, "இல்லீங்க," என்றான்.

"தோள்ல பாடுதே, அது இன்னாங்க?"

ரங்கசாமி சட்டென்று அதை அணைத்தான். "இப்ப இல்லீங்க."

சிரிக்கத்தான் வேண்டும். அவனும் சிரித்தான். அடுத்த வீட்டில் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டாவது வீட்டில் மன்றாடிப் பார்த்தான். "உள்ளதைச் சொல்லுங்க, போதும். இருந்தா உண்டுன்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க." அந்த வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டி, "பயப்படாத. ஊரே பேசி வெச்சிகினு இருக்கோம். ஒருத்தரும் மாறிச் சொல்ல மாட்டாங்க," என்றார். அதற்கு மேல் அவனுக்கு ஆத்திரப்படவும் வழியில்லை. இந்த ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாளைப் பார்த்தால் உண்டு என்றே சொல்லிப் பழகியவர்கள். அவனுக்காக அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டு, வீட்டுக்கு வீடு இல்லை என்கிறார்கள். இவர்களை எப்படித் திட்டுவது? விதியே என்று டிக் போட்டுக்கொண்டே போனான். சொன்னதை மட்டும்தான் போட்டான்.

முப்பத்தொன்பது வீடு முடியும்போது வெயில் சாய்ந்திருந்தது. நாற்பதாவது வீடு பூட்டிக் கிடந்தது. கரும்பு வெட்டப் படவேட்டுக்குப் போயிருக்கிறார்களாம், வர ஒரு வாரம் ஆகுமாம். மிச்சம் இருந்தது அவன் வீடு. கால் கெஞ்சியது. அம்மாவாவது உள்ளதைச் சொல்வாள், ஒரு தாளாவது உருப்படியாக இருக்கட்டும் என்று போனான்.

மாதம்மாள் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். அவன் ஃபைலைத் திறந்ததும் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரேடியோ உண்டாம்மா?"

"இல்ல."

அது உண்மை. நிகழ்ச்சி கேட்பதில்லை, அதுவும் உண்மை. கரண்டு இல்லை, உண்மை. மாடு இல்லை, போன வருஷம் செத்துப்போனது. அவன் உடம்பில் கொஞ்சம் உயிர் வந்தது. இருபது கேள்வியில் பதினெட்டுக்கு அம்மா சொன்ன இல்லை எல்லாம் நிஜமான இல்லை. இந்த வீட்டில் இவ்வளவு இல்லைகள் இருப்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க வூட்ல உண்டா?"

"இல்ல."

பேனா நின்றது. "அம்மா, நான் இல்லியா?"

"நீ கேள்விய கேளு."

"மாமா உங்கிட்டயும் வந்து சொல்லிட்டாரா?"

"உங்க மாமன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மூணு வருஷம் படிச்ச படிப்பு ஒரு பேச்சுல போய்டும்னா, நான் வாய மூடிகினு குந்தியிருப்பனா? இன்னும் எத்தினி இருக்குது? கேளு."

இன்னும் ஒன்றுதான் இருந்தது. அவன் அதைக் கேட்டிருக்கவே வேண்டாம். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன வாய் தானாகவே படித்துவிட்டது.

"பிள்ளைகள் உண்டா?"

மாதம்மாள் தரையில் சிந்திய சாமையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல."

சொன்ன மறுகணமே கிழக்கே பெருமாள் கோயில் இருக்கிற பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள். "சாமி, வாயிதான் சொல்லுது. மனசுல வெச்சிக்காத. எம்புள்ள நூறு வருசம் இருக்கணும்." கண்ணில் தண்ணீர் தளும்பியது. துடைத்துக்கொண்டு இவன் பக்கம் திரும்பினாள்.

"சரியா சொன்னனா கோபாலு?"

"சரியா சொன்னம்மா."

"இனிமே உன்ன ஃபெயில் பண்ண மாட்டாங்களே?"

திங்கட்கிழமை இந்தத் தாள்களை ஞானராஜ் சார் எந்த மூலையில் வீசுவார் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் என்ன என்பதும் தெரியும்.

"மாட்டாங்கம்மா," என்றான்.

"அப்ப இல்லன்னு எழுதிக்க. நான் பாக்கறேன்."

அவளுக்கு எழுத்து தெரியாது. தாளை அவள் பக்கம் நன்றாகவே திருப்பி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் என்ற இடத்துக்கு நேரே 'உண்டு' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டான். அந்த நாற்பது தாளிலும் அவனாகப் போட்ட டிக் அது ஒன்றுதான்.