முன் கைபிடி

பெட்டியை மூடலாமா என்று மைத்துனர் யோசெப் மூன்றாம் தடவையாக வந்து கேட்டபோது, கத்தரின் தன் கணவரின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

கோட்-டெ-நெய்ஜ் மலர்ச்சாலையில் பதினொரு மணிக்குச் சவப்பெட்டியைத் தூக்க வேண்டும். எதற்கும் நேரம் தவறாத அவள் கணவர் பத்திநாதர் இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவருக்காகக் காத்துக்கிடக்கிறார். தூக்க ஆறு பேர் தேவை. ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது ஆள் மருமகன் டெரிக், அமெரிக்கக் கறுப்பினத்தவன். எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் ஆல்பனியிலிருந்து விடியவே வெளிக்கிட்டவன் இன்னும் வரவில்லை, மகள் ஜென்சி எடுத்த போனுக்கும் பதில் இல்லை.

"அவன் வரமாட்டான் மச்சாள். அண்ணை கதைச்ச கதைக்கு ஆர் வருவான்? என்ரை பெடியன் றொக்சனைப் பிடிக்கச் சொல்லுவம்," என்றார் யோசெப்.

அந்தக் கதை உறவுக்குள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரத்து இருபதில், ஒரு கறுப்பினத்தவரைப் பொலிஸ்காரர் கழுத்தில் முழங்காலை ஊன்றிக் கொன்றதற்காக அமெரிக்கா கொந்தளித்தபோது, கடை எரிக்கிறவர்களோடு தனக்குப் பேச்சில்லை என்று வீடியோ அழைப்பில் டெரிக்கின் முகத்துக்கு நேரே சொன்னார் பத்திநாதர். எண்பத்து மூன்றில் கொழும்பில் அவருடைய கடையைக் கொளுத்தியிருந்தார்கள். எங்கே கடை எரிந்தாலும் அவருக்கு அது தன் கடைதான். டெரிக் கோபப்படவில்லை. அறுபத்தேழுக் கலவரத்தில் டெட்ரோய்ற்றில் தன் தாத்தாவின் கடையும் எரிந்தது என்றான். பிறகு, உங்கள் கடை எரிந்தபோது பொலிஸ் என்ன செய்தது என்று கேட்டான். பத்திநாதர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

போன கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் வாய் திறந்தார்.

"பொலிஸ் பாத்துக்கொண்டு நிண்டவங்கள். அவனிட்டச் சொல்லு. முன் கைபிடியை அவன் பிடிக்கட்டும்."

சொல்லக் கத்தரின் இருக்கிறாள். கேட்க வேண்டியவன்தான் இல்லை.

"இன்னும் பத்து நிமிஷம்," என்றாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் டெரிக் உள்ளே வந்தான். மன்னிப்புக் கேட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் பொலிஸ் மறித்ததாம், யாரோ தேடப்படுகிறவனின் கார் மாதிரி இருந்ததாம். மரண அறிவித்தலைக் காட்டியும் போனைப் பறித்து, அவனைக் கார் பொனெற்றின் மேல் கவிழ்த்து நிறுத்தி வைத்தார்களாம். நாற்பது நிமிடம். அவனது கறுப்புக் கோட்டின் முன்புறம் முழுக்க, பனிக்காக வீதியில் கொட்டி, காரிலெல்லாம் தெறித்துக் கிடந்த உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது.

கத்தரின் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். போகவில்லை.

"ஜென்சி, அப்பா சொன்னதை இவருக்குச் சொல்லு."

ஜென்சி ஆங்கிலத்தில் சொன்னாள். டெரிக் பெட்டிக்குள் இருந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். மூடி இறங்கியது. றொக்சன் விலகிக்கொள்ள, அவன் முன் கைபிடியைப் பிடித்தான்.

வண்டியில் ஏற்றியபோது பெட்டியின் பளபளப்பில் அவன் கோட்டு உரசிய இடத்தில் உப்பு படிந்திருந்தது. யோசெப் கைலேஞ்சியை எடுத்துத் துடைக்கப் போனார்.

கத்தரின் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.